குறுக்கெழுத்தில் அடிக்கடி வரும் ‘பெரிங்’ யார் தெரியுமா?

ஆசியாவையும் வட அமெரிக்காவையும் பிரிக்கும் நீரிணை, மூன்றெழுத்து. குறுக்கெழுத்துப் போடுகிறவர்கள் ‘பெரிங்’ என்று நிரப்பிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள். அது ஓர் ஆளின் பெயர். அந்த நீரிணை வழியாகவே போயும், அக்கரையைப் பார்க்காமல் திரும்பி வந்தவர் அவர்.

விட்டஸ் பெரிங் 1681-ல் டென்மார்க்கின் ஹார்சன்ஸ் ஊரில் பிறந்தவர். வேலை பார்த்தது ரஷ்யக் கடற்படையில். ஆசியாவும் அமெரிக்காவும் நிலத்தால் ஒட்டியிருக்கிறதா, இல்லையா? இதைப் பார்த்துவரச் சொல்லி அவரை அனுப்பினார் மன்னர் பீட்டர். 1725 தொடக்கத்தில் மன்னர் இறந்துவிட்டார். பயணம் நிற்கவில்லை.

கடலுக்குப் போகவே மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது. நங்கூரம், இரும்பு, கயிறு எல்லாவற்றையும் சைபீரியா முழுக்க இழுத்துக்கொண்டு போய், கம்சட்காவில் கப்பல் கட்டி, 1728-ல்தான் வடக்கே கிளம்பினார்கள். ஆகஸ்டில் நீரிணையைத் தாண்டியும்விட்டார்கள். குறுகிய இடத்தில் அதன் அகலம் சுமார் 85 கி.மீ.தான். வானம் தெளிவாக இருந்தால் அக்கரை தெரியும். அப்போது மூடுபனி!

இன்னும் போய்ப் பார்க்கலாம் என்பது உதவி அதிகாரி சிரிகோவின் யோசனை. கடல் உறைந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து பெரிங் கப்பலைத் திருப்பினார். ஆசியா அங்கே முடிந்துவிடுகிறது என்ற அவர் கணிப்பு சரிதான். ஆனால் ஆதாரம் எங்கே என்று தலைநகரில் கேட்டார்கள். இத்தனைக்கும், 1648-லேயே டெஷ்னெவ் என்ற ரஷ்யர் அதே வழியில் போயிருந்தார். அவருடைய அறிக்கை சைபீரிய அலுவலகம் ஒன்றில் தூசு படிந்து கிடந்தது.

பெரிங் மறுபடி கிளம்பினார். 1741-ல் இரண்டு கப்பல்கள். கையிலிருந்த வரைபடத்தில் இல்லாத ஒரு நாடு வரையப்பட்டிருந்தது. அதைத் தேடியே பல நாள் வீணானது, கப்பல்களும் பிரிந்துபோயின. ஜூலையில் அலாஸ்காவின் பனிமலை தெரிந்தபோது எல்லோரும் கொண்டாட, பெரிங்குக்குக் கவலைதான். உணவும் தண்ணீரும் ஊர் திரும்பும்வரை தாங்குமா? கூட வந்த இயற்கையாளர் ஸ்டெல்லருக்கு ஒரு தீவில் கிடைத்தது வெறும் பத்து மணி நேரம்.

திரும்பும் வழியில் ஸ்கர்வி நோய் ஒவ்வொருவராகச் சாய்த்தது. நவம்பரில் ஆளில்லாத தீவு ஒன்றில் ஒதுங்கினார்கள். கம்சட்கா வந்துவிட்டது என்று நினைத்தவர்களும் உண்டு. மணலில் குழி தோண்டித் தங்கினார்கள். குழியின் ஓரம் சரிந்து காலை மூடிய மணலைக்கூட, குளிருக்கு இதமாக இருக்கிறதென்று, எடுக்க வேண்டாம் என்றாராம் பெரிங். டிசம்பரில் அங்கேயே இறந்தார். வயது 60. உயிரோடிருந்த 46 பேர் உடைந்த கப்பலின் பலகைகளில் ஒரு படகு கட்டி, அடுத்த ஆகஸ்டில் கரை சேர்ந்தார்கள்.

இப்போது அந்தத் தீவு, கடல், நீரிணை மூன்றுக்கும் அவர் பெயர். 1991-ல் டென்மார்க்-ரஷ்ய ஆய்வுக் குழு அவர் கல்லறையைக் கண்டெடுத்து, மண்டையோட்டை வைத்து முகத்தை உருவாக்கியது. திடமான முகம். புத்தகங்களில் பெரிங் என்று அச்சாகிவந்த குண்டு முகம், அநேகமாக அதே பெயர் கொண்ட அவருடைய உறவினர் ஒருவருடையது. அவர் ஒரு கவிஞர்.