மொகரோவிச்சிச்

குரோவாசிய நாட்டின் கடற்கரையில் வொலொசுக்கோ என்னும் சிற்றூர் உளது. அங்கே கப்பல்களுக்கு நங்கூரம் அடித்துத் தரும் கொல்லர் ஒருவரின் மைந்தராக, 1857ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 23ஆம் நாள் அந்திரியா மொகரோவிச்சிச் பிறந்தார். பிறந்த சிறிது காலத்துள் அன்னையை இழந்தார். எனினும் கல்வி தடைப்படவில்லை. பதினைந்து வயதிற்குள் பிறமொழிகள் மூன்றினைக் கற்றுத் தேர்ந்தார். பின்னர்ப் பிராகு நகரப் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் பயின்றார்.

பாக்கர் என்னும் துறைமுகத்தில் மாலுமிகளுக்குரிய பள்ளியில் ஆசிரியராய் இருந்தபோது அவர் உள்ளம் வானிலை ஆராய்ச்சியிற் சென்றது. 1892இல் சாக்ரெபு நகர வானிலை ஆய்வகத்தின் தலைவரானார். அந்நகரமோ 1880இல் நிலநடுக்கத்தால் பெருஞ்சேதமுற்றது. மண் எப்போது மீண்டும் அசையுமோ என்னும் அச்சம் மக்களை விட்டு அகலவில்லை. ஆதலின், மேகங்களை ஆராய்ந்த அறிஞர் நிலத்தையும் ஆராயத் தொடங்கினார்; சிறந்த நிலநடுக்கப் பதிகருவிகளை வரவழைத்து நிறுவினார்.

1909ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் நகருக்குத் தென்புறத்தே, கூப்பா ஆற்றுப் பள்ளத்தாக்கில் நிலம் நடுங்கிற்று. மொகரோவிச்சிச் ஐரோப்பாவின் பல நிலையங்களிலிருந்தும் பதிவுகளைத் திரட்டி ஒப்பிட்டார். முதன்மை அலை ஒன்றே வரவேண்டிய இடத்தில் இரண்டு வந்திருக்கக் கண்டார். அருகிலுள்ள நிலையங்களில் மெல்லச் செல்லும் அலை முந்தியது; தொலைவிலுள்ளவற்றிலோ மற்றது முந்தியது. இஃது எங்ஙனம்? ஊர்ப்பாதை வழியே நேராய்ச் செல்லும் வண்டியினும், சற்றுச் சுற்றி நெடுஞ்சாலையை அடைந்து விரையும் வண்டி தொலைவூரை முன்னர் எய்துமன்றோ? அதுபோல, ஓர் அலை ஆழத்தே இறங்கி, அடர்ந்த பாறையில் விரைந்தோடி, மீண்டும் மேலேறி வந்துளது. எனவே, புவியின் மேலோடு ஓரிடத்தில் முடிந்து வேறொரு பொருள் தொடங்குகின்றது என்று துணிந்தார். அவ்வெல்லை 54 கிலோமீட்டர் ஆழத்தில் உளதெனக் கணக்கிட்டு, 1910இல் வெளியிட்டார். மண்ணைத் தோண்டாமலே, காகிதத்திற் பதிந்த கோடுகளைக் கொண்டு அவர் கண்ட உண்மை இது! அவ்வெல்லை இன்று அவர் பெயரால் வழங்குகின்றது. அறிஞர் சுருக்கமாக 'மோகோ' என்பர். அது கண்டங்களின் கீழே சராசரி 35 கிலோமீட்டர் ஆழத்திலும், கடல்தரையின் கீழே ஏறக்குறைய 7 கிலோமீட்டர் ஆழத்திலும் உளது.

நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களை எவ்வாறு எழுப்புவது என்பதையும் அவர் ஆராய்ந்து எடுத்துரைத்தார். இப்பணி அவருடைய கண்டுபிடிப்பினும் குறைந்ததன்று. 1936ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 18ஆம் நாள் சாக்ரெபில் மறைந்தார்.

சப்பானுக்குக் கிழக்கே பசிபிக் கடல்தரைத் தட்டு, ஆழ்கடல் அகழி ஒன்றின் வழியே நிலத்தட்டின் அடியிற் புகுந்து இறங்குகின்றது. 2011ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் பேரழிவு விளைத்த நிலநடுக்கம் அங்கேதான் தோன்றிற்று. அப்பகுதியில் ஆய்வுக்கப்பல்கள் அழுத்திய காற்றை நீருள் வெடிக்கச் செய்கின்றன. கடல்தரையில் வைத்த கருவிகள் திரும்பிவரும் அலைகளைப் பதிகின்றன. அலைகள் வந்துசேரும் நேரத்தைக் கணித்து, இறங்கும் தட்டின் மோகோ எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு சாய்வாகச் செல்கின்றது என்று வரைகின்றனர்.