பிறந்தநாள் நாலு வருஷத்துக்கு ஒருமுறை, பயிற்சி மட்டும் தினமும்!

(ருக்மணி தேவி அருண்டேல் வாழ்க்கை வரலாறு)



பெசன்ட் நகர் என்றதும் எல்லாருக்கும் எலியட்ஸ் கடற்கரை, அஷ்டலட்சுமி கோயில், வேளாங்கண்ணி மாதா கோயில் இதுதான் ஞாபகம் வரும். அங்கிருந்து தெற்கே திருவான்மியூர் பக்கம் போனால் மரங்கள் அடர்ந்த பெரிய இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் கலாக்ஷேத்ரா. பக்கத்திலே இருக்கிற தெருக்களுக்கும் கலாக்ஷேத்ரா காலனி என்றுதான் பேர். இதை உருவாக்கியவர் ஒரு பெண். அவர் நடனம் கற்க ஆரம்பித்தபோது வயது முப்பதை நெருங்கிவிட்டது! அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இளமைக் காலம்

ருக்மணி தேவி 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் தேதி மதுரையில் பிறந்தார். தந்தை நீலகண்ட சாஸ்திரி, தாய் சேஷம்மாள். தந்தை பொதுப்பணித் துறையில் இன்ஜினீயர். அவர் பிரம்மஞான சபையில் ஈடுபாடு உள்ளவர். அதனால் குடும்பம் சென்னை அடையாறுக்கு வந்தது. அங்கேதான் ருக்மணிக்கு அன்னி பெசன்ட் அம்மையாரின் அன்பு கிடைத்தது. பெசன்ட் நகர் என்ற பேரே இந்த அம்மையார் பேரில் வந்ததுதான்.

1920இல், 16 வயதில், ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரைத் திருமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை வெள்ளைக்காரர், வயதிலும் ரொம்பப் பெரியவர். ஊரே பேசியது. ஊர் பேசுவதைத் தாங்குகிற மனசு அவருக்கு அப்போதே பழகிவிட்டது போல!

முப்பது வயதில் முதல் பாடம்

1928இல் ரஷ்ய நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவைச் சந்தித்தார். அவரால்தான் பாலே நடனம் கற்றார். உன் நாட்டு நடனத்தைத் தேடிப் பார் என்று பாவ்லோவா சொன்ன யோசனை மனசில் தங்கிவிட்டது. 1933இல் சென்னை மியூசிக் அகாடமியில் சதிர் ஆட்டம் பார்த்தார். இப்போது நாம் பரதநாட்டியம் என்று சொல்கிறோமே, அதன் பழைய பேர்தான் சதிர். பார்த்ததும் இதைக் கற்றே ஆகணும் என்று முடிவு செய்தார்.

ஆனால் இரண்டு தடைகள். ஒன்று வயது. ஆறு, ஏழு வயதிலே தொடங்க வேண்டிய கலை இது. இரண்டாவது, அந்தக் காலத்தில் சதிர் ஆடுவதைக் கேவலமாக நினைத்தார்கள். தேவதாசி குலத்துப் பெண்களும் நட்டுவனார் குடும்பங்களும்தான் எத்தனையோ ஏச்சுக்கு நடுவிலே அதைக் காப்பாற்றி வந்தார்கள். ருக்மணி தேவி அவர்களிடமே போய் மாணவியாக உட்கார்ந்தார். மயிலாப்பூர் கௌரி அம்மாள், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இருவரும் அவருடைய குருமார்கள்.

பரதநாட்டியத்தில் எடுத்த உடனே பாட்டுக்கு ஆட முடியாது. முதலில் அடவு. அரைமண்டியில் உட்கார்ந்து, காலைத் தட்டி, ஒரே அடவை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று மூன்று வேகத்திலும் செய்யணும். தொடை வலிக்கும், பாதம் எரியும். நாளைக்கும் அதே அடவுதான். நாளன்னைக்கும் அதேதான். கூடவே ஆடுகிற சின்னப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு மாதிரி. முப்பது வயது உடம்புக்கு எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்!

அந்தப் பயிற்சியின் பலன், 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையின் வைரவிழாவில் அவர் மேடை ஏறினார். சிலர் முகம் சுளித்தார்கள், பலர் வியந்தார்கள். அதன்பிறகு பல குடும்பங்கள் மெல்ல மெல்லப் பெண்களை நாட்டியம் கற்க அனுப்ப ஆரம்பித்தன.

அவர் செய்த மாற்றங்களை எல்லாரும் ஏற்கவில்லை. சிருங்கார பாவத்தைக் குறைத்தது சரியில்லை என்று தேவதாசி மரபில் வந்த மேதை டி. பாலசரஸ்வதி அம்மையார் கருதினார். அதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு மரம், ஒரு மாணவி

1936 ஜனவரியில் கலைப் பள்ளியைத் தொடங்கினார். ஆரம்பத்தில் ஒரு மரத்தடி, ஒரு மாணவி, அவ்வளவுதான்! அதுவே பிறகு கலாக்ஷேத்ரா ஆனது. ஒருமுறை நாட்டிய ஆசிரியர் அரங்கேற்றத்துக்குக் கொஞ்சம் முன்னாடி விட்டுப் போய்விட்டார். நிகழ்ச்சியை நிறுத்தவில்லை. ருக்மணி தேவியே தாளம் பிடித்து நட்டுவாங்கம் செய்தார். தினமும் கற்றது அன்றைக்குக் கைகொடுத்தது.

1945இல் கணவர் இறந்தார். அடையாறு இடத்தையும் காலி செய்ய வேண்டி வந்தது. திருவான்மியூரில் கடல் பக்கம் சுமார் 100 ஏக்கரில் மணல்வெளியாக இருந்த இடத்தில் மரம் நட்டு, குடிசை மாதிரி வகுப்பறைகள் கட்டி, 1962இல் பள்ளியைக் கொண்டுவந்தார். அங்கே ஒவ்வொரு நாளும் காலையில் ஆலமரத்தடியில் பிரார்த்தனையோடுதான் தொடங்கும்.

இராமாயணத்தை நாட்டிய நாடகமாக ஆறு பாகங்களில் அமைத்தார். முதல் பாகம் 1955இல், கடைசிப் பாகம் 1970இல். மொத்தம் 15 வருஷம்!

வாயில்லா ஜீவன்களுக்காக

1952இல் ராஜ்யசபா உறுப்பினராக நியமிக்கப்பட்டார். விலங்குகளைத் துன்புறுத்துவதைத் தடுக்கத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். உடனே சட்டம் ஆகிவிடவில்லை. அவர் அதை விடவும் இல்லை. 1960இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர்.

1977இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கச் சொல்லிக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

1986 பிப்ரவரி 24ஆம் தேதி மறைந்தார். 1993இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, கலாக்ஷேத்ராவை தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது.

உங்களுக்குத் தெரியுமா?

பிப்ரவரி 29 லீப் வருஷத்தில் மட்டும்தான் வரும். அதனால் 82 வயதை நெருங்கி வாழ்ந்த அவருக்கு, பிறந்த தேதியிலேயே பிறந்தநாள் வந்தது 20 தடவைதான்!

நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை

1. லேட்டாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. முப்பதில் அவர் அரைமண்டி உட்கார்ந்தார். நமக்குப் பதினாலுதான் ஆகிறது!

2. புத்தாண்டு அன்றைக்கு அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டுகிறோம். பொங்கலுக்குள் அது கிழிந்துவிடுகிறது. காரணம், முதல் நாளே பெரிய பாட்டுக்கு ஆட ஆசைப்படுகிறோம். முதலில் அடவு. கணக்கில் தினமும் இரண்டு, இங்கிலீஷில் தினமும் ஐந்து வார்த்தை. போதும்.

3. பிடிக்கிற அன்றைக்கு மட்டும் செய்தால் அது ஆசை. பிடிக்காத அன்றைக்கும் செய்தால்தான் பயிற்சி.

4. பொம்பளைப் பிள்ளைக்கு இது எதுக்கு என்று யாராவது கேட்டால், சண்டை போட்டுக்கொண்டே நிற்க வேண்டாம். இன்றைய பாடத்தை முடித்துவிடுங்கள். ஊர் பேசி ஓய்ந்துவிடும், கற்றது நம்மோடு இருக்கும்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி