பறவை ஓவியர் பெவிக்

இங்கிலாந்தின் வடபகுதியில், டைன் ஆற்றை அடுத்த செரிபர்ன் என்னும் பண்ணைமனையில் 1753 ஆம் ஆண்டு தாமஸ் பெவிக் பிறந்தார். புத்தக ஓரங்களில் எழுதுகோலாலும், கல்லறைக் கற்களில் சுண்ணக்கட்டியாலும் படம் வரைதலே அவர்தம் இளமை விளையாட்டு.

ஒருநாள் மரத்திலிருந்த சிறுபறவை ஒன்றைக் கல்லெறிந்து வீழ்த்தினார். கையில் எடுத்தபோது உயிரோடிருந்த அஃது, அவர் முகத்தை இரக்கம் தோன்ற நோக்கியது. அவர் நெஞ்சம் நைந்தது. அதன் இறகையும் அலகையும் கால்களையும் பிற்பகல் முழுதும் பார்த்திருந்தார். அதன்பின் அவர் தம் கையால் எப்பறவையையும் கொன்றிலர்.

பதினான்காம் வயதில் நியூகாசில் நகரில் செதுக்குத்தொழில் பயிலச் சேர்ந்தார். பலகையை நீளவாக்கில் அறுத்துக் கத்தியால் செதுக்குவதே முன்னோர் வழக்கு. பெவிக்கோ, பாக்ஸ் என்னும் வன்மரத்தைக் குறுக்கே அறுத்து, அவ்வெட்டுமுகத்தில் கூரிய உளியால் நுண்கோடுகளை இழைத்தார். செதுக்கிய இடம் வெண்மையாகவும், எஞ்சிய இடம் மை ஏற்றுக் கருமையாகவும் தாளிற் பதிந்தன.

1797 இல் நிலப்பறவைகளையும், 1804 இல் நீர்ப்பறவைகளையும் பற்றிய நூற்பகுதிகள் அவர் படங்களோடு வெளிவந்தன. பாடம் செய்த பறவைகளின் தோற்றம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. உயிருள்ளவற்றையோ புதிதாக வேட்டையாடப்பட்டவற்றையோ கண்டே வரைய விரும்பினார். பக்க இறுதிகளில் ஆறும் பனியும் மழையும் கடற்கரையும் சிற்றோவியங்களாய் விளங்கின.

தாம் கொல்லாவிடினும், தம்பொருட்டுப் பல பறவைகள் கொல்லப்பட்டதை அவர் மறைத்தாரல்லர். தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்தார். 1828 இல் அவர் மறைந்தார். 1830 இல் அன்னப்பறவை இனம் ஒன்று அவர் பெயரைப் பெற்றது. அன்று இரக்கத்தோடு நோக்கிய கண்ணே அவர் கலைக்கு ஊற்றாயிற்று எனலாம்.