வாயில் அமைத்த கலைஞர்

பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது எதைக் களைவது, எதைக் காப்பது என்னும் கேள்வி எல்லார் இல்லத்திலும் எழும். ஒரு மாநகரின் பாதாள இரயில் நிலையங்களைப் புதுப்பித்தபோதும் அக்கேள்வி எழுந்தது. அதற்கு விடை காணுமுன் அந்நகர் இழந்தவை பல. அவ்வரலாறு ஹெக்டர் கிமார் என்னும் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞரின் வாழ்க்கையோடு பிணைந்தது.

கிமார் 1867-ஆம் ஆண்டில் லியோன் நகரில் பிறந்தார். பாரிஸில் கலை பயின்றார். 1898-இல் அவர் கட்டி முடித்த காஸ்டெல் பெரான்ஜே என்னும் மாடிக் குடியிருப்பு அவருக்குப் புகழ் ஈட்டித் தந்தது. கொடியும் தண்டும் இயல்பாக வளைவது போல் இரும்பையும் கல்லையும் வளையச் செய்வது அவருக்கே உரிய தனித்திறன்.

1900-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் பாரிஸில் பாதாள இரயில் ஓடத் தொடங்கியது. நிலைய வாயில்களுக்காக முந்திய ஆண்டு நடந்த போட்டியில் வந்த வரைபடங்கள் மனநிறைவு அளிக்கவில்லை. எனவே, போட்டியில் கலந்துகொள்ளாத கிமாரிடமே அப்பணி ஒப்படைக்கப்பட்டது. அவர் அழகோடு சிக்கனத்தையும் கருதினார். ஒரே அச்சில் வார்த்த இரும்பு உறுப்புகளைப் பலவாறு பொருத்தி, அவ்வவ்விடத்திற்கேற்ற வாயில்களை அமைத்தார். களிம்பேறிய வெண்கலம் போலத் தோன்றப் பச்சை வண்ணம் பூசுவித்தார். தண்டு போல் உயர்ந்த இரு கம்பங்களின் உச்சியில் மலர்மொட்டுப் போன்ற விளக்குகள் ஒளிர்ந்தன.

ஆயினும் அப்புதுமையை எல்லாரும் ஏற்கவில்லை. ஊதியம் பற்றிய பிணக்கினால் 1903-இல் கிமார் தம் உரிமைகளைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். 1904-இல் ஓபரா அரங்கின் முன்னமைந்த நிலையத்திற்கு, அவர் வாயில் பொருந்தாதென்று கூறி வேறொருவரைக் கொண்டு கல்லால் அமைத்தனர். எனினும் பிற இடங்களில் அவருடைய அச்சுகளே 1913 வரை பயன்பட்டன. அவ்வாறு எழுந்த வாயில்கள் 167.

1909-இல் கிமார் அமெரிக்க ஓவியரான அடலைன் அம்மையாரை மணந்தார். அம்மையார் யூத குலத்தவர். போர் மேகம் சூழ்ந்த 1938-இல் இருவரும் நியூயார்க் சென்றனர். 1942-இல், தாம் அழகு செய்த நகருக்கு அப்பால், அந்நிய மண்ணில் கிமார் மறைந்தார். போருக்குப்பின் அம்மையார் பாரிஸ் திரும்பி, தங்கள் இல்லத்தைக் கலைக்கூடமாக்க நல்க முன்வந்தார், அதை ஏற்பாரில்லை. எஞ்சிய கலைப்பொருள்களைப் பல காட்சிச்சாலைகளுக்குப் பகிர்ந்தளித்தார்.

நிலையங்களின் நிலையும் அதுவே. பாஸ்டில் நிலையத்தில் கிமார் எழுப்பிய மண்டபம் 1962-இல் இடிக்கப்பட்டது. அக்காலத்தில் பல நிலையங்களின் உட்சுவர்களில் ஒளிவீசிய வெள்ளோடுகளும் உலோகத் தகடுகளால் மூடப்பட்டன.

பின்னரே விழிப்புணர்வு பிறந்தது. 1965-இல் சில வாயில்களும், 1978-இல் எஞ்சிய அனைத்தும் வரலாற்றுச் சின்னங்களாகச் சட்டத்தின் காப்பைப் பெற்றன. இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் உலோகத் தகடுகளும் அகற்றப்பட்டு, ஓடுகள் மீண்டும் ஒளி பெற்றன. கிமாரின் வாயில்களில் இன்று நிற்பவை ஏறக்குறையப் பாதியே. அவர் கண்ணாடிக் கூரையிட்ட மண்டபங்களில் மூலவடிவில் எஞ்சியவை இரண்டே. போர்ட் டோஃபீன் நிலையத்து மண்டபம் தன்னிடத்திலேயே நிற்கிறது; மற்றொன்று 1974-இல் நகராட்சி மன்ற நிலையத்திலிருந்து அபெஸ் நிலையத்திற்கு மாற்றப்பட்டது.

அவ்வாயில்களின் வழியே இன்றும் மக்கள் நாள்தோறும் வேலைக்குச் செல்கின்றனர்; பழமை அவர்கள் பயணத்திற்குத் தடையாகவில்லை. மூடிய ஓட்டை மீண்டும் திறக்கலாம். இடித்த மண்டபத்தை எவ்வாறு மீட்பது? புதுப்பிக்கக் கருவி எடுப்போர் முதலில் எண்ண வேண்டுவது இதுவே.