அலைபாயும் மனமும் இமாம் கஸ்ஸாலியும்

தக்பீர் கட்டியதும்தான் கடைச் சாவியை எங்கே வைத்தோம் என்பது நினைவுக்கு வருகிறது. சலாம் கொடுக்கும்போது, தொழுதது மூன்று ரக்அத்தா நான்கா என்று சந்தேகம். தஸ்பீஹை எடுத்து உட்கார்ந்தால் விரல் மணியை நகர்த்துகிறது, மனமோ ஊர் சுற்றுகிறது. ஆலிம்களாகிய நம்மிடம் மக்கள் அடிக்கடி வந்து முறையிடும் விஷயம் இது. கேட்பவர்களுக்கு நாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்க்கையைத்தான் எடுத்துச் சொல்வோம். ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று உலகமே போற்றும் அந்த மேதையின் மனமும் ஒரு காலத்தில் அலைந்து தவித்தது.

குராசானின் தூஸ் பகுதியில் ஹிஜ்ரி 450ல் (கி.பி. 1058) பிறந்தார்கள். தந்தை கம்பளி நூற்று விற்றுப் பிழைத்த எளியவர். அவர் மரணத் தறுவாயில் தம் இரு மகன்களையும் ஒரு சூஃபி நண்பரிடம் ஒப்படைத்தார். கொடுத்து வைத்திருந்த சிறு தொகை தீர்ந்ததும், மதரஸாவில் சேர்ந்தால் உணவாவது கிடைக்கும் என்று அந்த நண்பர் வழிகாட்டினார். வயிற்றுக்காகத்தான் அவ்விரு சிறுவர்களும் மதரஸா வாசலை மிதித்தார்கள். மதரஸா சோற்றை ஏளனமாகப் பேசுவோர் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

பிறகு நிஷாப்பூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் கல்வி. ஆசிரியரின் மறைவுக்குப் பின் வஸீர் நிஜாமுல் முல்கின் அவை. ஹிஜ்ரி 484ல் பாக்தாத் நிஜாமிய்யா மதரஸாவின் தலைமை ஆசிரியர் பதவி. அப்போது வயது 34தான். 300 மாணவர்கள் எதிரே அமர்ந்து பாடம் கேட்டார்கள். அமீர்களும் அறிஞர்களும் மரியாதை செய்தார்கள்.

இத்தனையும் இருந்தும் நிம்மதி இல்லை. பாடம் நடத்துவது அல்லாஹ்வுக்காகவா, பெயருக்காகவா என்று தம்மைத் தாமே கேட்டுப் பார்த்தார்கள். கிடைத்த பதில் அவர்களை உலுக்கியது. பாக்தாதை விட்டுப் போய்விட வேண்டும் என்று காலையில் உறுதி வரும். மாலையில் பதவியும் புகழும் வந்து அந்த உறுதியைக் கலைக்கும். ஹிஜ்ரி 488 (கி.பி. 1095) ரஜபில் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதம் இந்த இழுபறி நீடித்தது. ஒரு கட்டத்தில் நாவே அடைபட்டது. மாணவர்களுக்காக ஒரு நாளாவது பாடம் நடத்த முயன்றும் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. உணவு இறங்கவில்லை, செரிக்கவில்லை, உடல் தளர்ந்தது. நோயின் வேர் உள்ளத்தில் இருக்கிறது என்று சொல்லி மருத்துவர்களும் கைவிட்டார்கள். இன்றைய மருத்துவம் இதற்கு வேறு பெயர் சூட்டலாம். இமாமவர்கள் இதை மறைக்காமல் தம் நூலிலேயே எழுதி வைத்தார்கள் என்பதுதான் நமக்குப் பெரிதாகப் படுகிறது.

கடைசியில் பிள்ளைகளின் தேவைக்குப் போதுமானதை வைத்துவிட்டு மீதிச் செல்வத்தைப் பகிர்ந்தளித்தார்கள். மக்கா போவதாகச் சொல்லிப் புறப்பட்டு, மனதில் எண்ணியிருந்தபடி ஷாமுக்குச் சென்றார்கள். திமிஷ்கில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். பெரிய பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பகல் முழுதும் தனித்திருந்து திக்ரில் கழித்தார்கள். பிறகு பைத்துல் முகத்தஸ், ஹஜ், மதீனா ஜியாரத்.

பலர் இந்த வரலாற்றை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மினாரா கிடைத்தால்தான் மனம் அடங்கும் போலும், குடும்பஸ்தனுக்கு அது எங்கே கிடைக்கும் என்று கேட்பவரும் திரும்பிப் போய்விடுகிறார். ஆனால் இமாமவர்களை ஊருக்குத் திரும்ப அழைத்தது பெற்ற பிள்ளைகளின் பாசம். வீட்டுக்கு வந்த பின்னும் தனிமையை விரும்பித் தேடினார்கள். குடும்பக் கவலைகளும் பிழைப்பின் தேவைகளும் அதைக் குலைத்துக்கொண்டே இருந்தன. உள்ளம் தெளிந்த நேரங்கள் இடையிடையேதான் வாய்த்தன. அதற்காக நம்பிக்கை இழக்கவில்லை. இடையூறு தள்ளிவிடும், மறுபடியும் வந்து உட்காருவார்கள். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

இஹ்யா உலூமித்தீன் எழுந்தது இந்தக் காலத்தில்தான். நாற்பது பாகங்கள் கொண்ட அந்நூலில் அவ்ராதுகளுக்கென்றே ஒரு பாகம் இருக்கிறது. பகல் பொழுதை ஏழாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் அமலை வகுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே அட்டவணையைத் திணிக்கவும் இல்லை. குடும்பத்துக்காக உழைக்கும் தொழிலாளி, வீட்டாரைப் பட்டினி போட்டுவிட்டு நாளெல்லாம் வணக்கத்தில் உட்காரக் கூடாது. சந்தையில் நிற்பதே அவருக்குரிய விர்து, கை வேலையில் இருக்க நாவு திக்ரில் இருக்கட்டும் என்பது அவர்களின் தீர்ப்பு. அளவு குறைந்தாலும் தினமும் செய்ய வேண்டும் என்பதை அழுத்திச் சொன்னார்கள். சொட்டுச் சொட்டாக ஒரே இடத்தில் விழும் நீர் கல்லையும் குழிக்கும். அதே நீரை மொத்தமாகக் கொட்டினால் தடயம்கூட இருக்காது. ரமளானில் கொட்டிவிட்டு ஷவ்வாலில் மறந்துவிடும் நமக்கு இந்த உவமை கொஞ்சம் சுடத்தான் செய்யும்.

இன்னொரு பாகம் முராகபா, முஹாஸபா பற்றியது. ஃபஜ்ருக்குப் பின் சிறிது நேரம் ஒதுக்கி, முதலை ஒப்படைக்கும் வியாபாரி தன் கூட்டாளியிடம் பேசுவதுபோல் நஃப்ஸிடம் அன்றைய நாளுக்கான நிபந்தனைகளைப் பேச வேண்டும். பகலில் அதைக் கண்காணிக்க வேண்டும். இரவில் கணக்குப் பார்க்க வேண்டும். கடைக்காரர்கள் நிறைந்த நம் சமுதாயத்துக்கு இதற்கு விளக்கவுரையே தேவையில்லை!

தொழுகையில் எண்ணங்கள் சிதறுவதற்கும் வழி சொன்னார்கள். கண்ணையும் காதையும் ஈர்ப்பவற்றை அகற்றுவது, சுவருக்கு அருகில் நின்று தொழுவது போன்றவை முதலுதவி. வேர் வேறிடத்தில் இருக்கிறது. மரத்தடியில் அமர்ந்து சிந்திக்க விரும்பும் ஒருவன், இரைச்சலிடும் குருவிகளைக் கோலால் விரட்டிக்கொண்டே இருக்கிறான். அவை திரும்பத் திரும்ப வருகின்றன. மரம் நிற்கும் வரை குருவி வரும். உலக ஆசைதான் அந்த மரம் என்றார்கள். சாவியும் கடையும் தொழுகையில் ஏன் நினைவுக்கு வருகின்றன என்பது இப்போது புரிகிறதல்லவா?

ஹிஜ்ரி 499ல் வஸீர் ஃபக்ருல் முல்கின் வற்புறுத்தலால் நிஷாப்பூரில் மீண்டும் பாடம் நடத்தினார்கள். கடைசி ஆண்டுகளைத் தூஸில் கழித்தார்கள். வீட்டருகே மாணவர்களுக்கு ஒரு மதரஸா, சூஃபிகளுக்கு ஒரு தங்குமிடம். குர்ஆன் ஓத, நல்லோருடன் அமர, பாடம் சொல்ல என்று நேரத்தைப் பங்கிட்டு வைத்திருந்தார்கள்.

ஹிஜ்ரி 505 (கி.பி. 1111) ஜமாதுல் ஆகிர் 14, திங்கட்கிழமை. அதிகாலையில் ஒளூச் செய்து ஃபஜ்ரு தொழுதார்கள். கஃபனைக் கொண்டுவரச் சொல்லி அதை முத்தமிட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்கள். கிப்லாவை நோக்கிக் கால்களை நீட்டிப் படுத்தார்கள். பொழுது முழுதாக வெளுக்கும் முன்பே உயிர் பிரிந்துவிட்டது என்று தம்பி அஹ்மத் கஸ்ஸாலி (ரஹ்) அறிவித்திருக்கிறார்கள்.