செலவு யார் கணக்கில்? – ஆடிட்டர் குமரப்பாவின் கதை



கணக்கியல் பாடத்தை எலெக்டிவாக எடுத்தவர்களுக்கு இந்த வேலை தெரிந்திருக்கும். ஏதாவது ஒரு கணக்கியல் தரநிலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அது என்ன சொல்கிறது, ஒரு கம்பெனி அதை எப்படிப் பின்பற்றியிருக்கிறது, நம்ம முடிவு என்ன என்று பத்துப் பக்கத்துக்கு ஓர் ஆய்வுக் குறிப்பு எழுதித் தர வேண்டும். அது பெரும்பாலும் எப்படித் தயாராகும் என்பதும் நமக்குத் தெரியும்! முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து, நாலு இடத்தில் எடுத்து, காலையில் ஸ்பைரல் பைண்டிங் போட்டு, மார்க் வந்ததும் மறந்துவிடுவோம்.

இதே மாதிரி கல்லூரிக்காகக் கணக்குகளைப் புரட்டி ஓர் ஆய்வு எழுதப்போய், அந்த ஆய்வு தன் வாழ்க்கையையே புரட்டிப் போட்ட ஒருத்தர் இருக்கிறார். நம்ம தஞ்சாவூர்க்காரர். பெயர் ஜே.சி.குமரப்பா. காந்தியப் பொருளாதாரம் என்றாலே முதலில் வரும் பெயர் அதுதான். ஆனால் அவர் அடிப்படையில் ஒரு ஆடிட்டர் என்பது பலருக்குத் தெரியாது.

கோட்டு சூட்டு ஆடிட்டர்

1892 ஜனவரி 4ஆம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அவர் பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். அப்பாவுக்குப் பொதுப்பணித் துறையில் வேலை. வசதியான, ஆங்கிலப் பழக்கவழக்கம் நிறைந்த வீடு.

கணக்காளர் பயிற்சிக்காக லண்டன் போனார். படிப்பை முடித்து இன்கார்ப்பரேட்டட் அக்கவுண்டன்ட் ஆனார். இன்றைய சி.ஏ. மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப்போர் காலம் முழுக்க அங்கேதான் இருந்தார். அம்மா வற்புறுத்திக் கூப்பிட்டதால் 1919இல் ஊர் திரும்பினார். பம்பாயில் வேலை, அப்புறம் கூட்டாகச் சொந்தத் தணிக்கை நிறுவனம். நல்ல வருமானம், நல்ல சூட்டு. சுதந்திரப் போராட்டம் வெளியே நடந்துகொண்டிருந்தது. அவருக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

ஒரு ரிப்போர்ட் செய்த வேலை

1927இல் அமெரிக்கா போனார். போன இடத்தில் சும்மா இருக்காமல் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1928இல் வணிக நிர்வாகத்தில் பட்டம் வாங்கினார். அடுத்து நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படிக்கச் சேர்ந்தார். அங்கே அவருக்குப் பேராசிரியர் எட்வின் செலிக்மன். வரி, அரசு நிதி என்றால் அன்றைக்கு உலக அளவில் பெரிய பெயர். சில ஆண்டுகளுக்கு முன் அம்பேத்கருக்கும் அவர்தான் அங்கே பேராசிரியர்!

இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்று ஒரு தேவாலயத்தில் குமரப்பா பேசினார். அந்தப் பேச்சு செய்தித்தாளில் வந்தது. அதைப் பார்த்த செலிக்மன், இதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். பேச்சில் சொன்னதை இப்போது கணக்கில் நிரூபித்துக் காட்ட வேண்டும். மாட்டிக்கொண்டார்!

அவர் செய்தது ஒரு ஆடிட்டர் செய்கிற வேலை. அரசின் வரவு செலவுக் கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டார். வரி யாரிடமிருந்து வருகிறது, எந்தத் தலைப்பில் செலவாகிறது என்று வரி வரியாகப் பார்த்தார். ராணுவம், கடன் வட்டி, மேல்தட்டு அதிகாரிகளின் சம்பளம் ஆகியவை பெரும் பங்கை விழுங்கியிருந்தன. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பாசனம் இவற்றுக்கு மிஞ்சியது கொஞ்சம். வரி கட்டிய விவசாயிக்கு அந்தப் பணம் திரும்பி வரவே இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தன்னை வளர்த்து ஆளாக்கிய அமைப்பின் மீது அவருக்கு அதுவரை கோபம் எதுவும் கிடையாது. கோபப்பட்டு ஆய்வு எழுதவில்லை, ஆய்வு எழுதியதால்தான் கோபம் வந்தது. எண்கள் எங்கே கொண்டுபோய் விட்டனவோ அங்கே போனார். நம்மில் பலர் முடிவை முதலில் எழுதிவிட்டு அப்புறம்தானே டேட்டா தேடுவோம்?

சபர்மதி மரத்தடி

1929இல் ஆய்வுப் பிரதியோடு இந்தியா திரும்பினார். புத்தகமாகப் போட ஆள் தேடினார். காந்தியிடம் காட்டச் சொல்லி யோசனை வந்தது. மே 9ஆம் தேதி சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார்.

குறித்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே போய்விட்டார். சாணம் மெழுகிய தரையில் மரத்தடியில் ஒரு கிழவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். இவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார். சில நிமிடம் கழித்து அந்தக் கிழவர், நீங்கள்தான் குமரப்பாவா என்று விசாரித்த பிறகுதான் அவர் யார் என்று புரிந்தது. அவ்வளவுதான். பட்டு சூட்டோடு அந்தச் சாணித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆய்வை யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட காந்தி ஒப்புக்கொண்டார். அதோடு விடவில்லை. இதே முறையில் ஒரு கிராமப்புறத்தை ஆராய்ந்து தர முடியுமா என்று கேட்டார். குஜராத்தி தெரியாதே என்று இவர் தயங்க, குஜராத் வித்யாபீடத்து மாணவர்கள் உதவுவார்கள் என்று வழி சொன்னார். கேடா மாவட்டத்தில் மாத்தர் தாலுகாவை எடுத்துக்கொண்டு, மாணவர்களோடு கிராமம் கிராமமாகப் போனார். நிலம், கடன், மாடு, சாப்பாடு, வரி என்று வீட்டு வீட்டுக் கணக்கு எடுத்தார்கள். நியூயார்க் நூலகத்தில் மேலிருந்து பார்த்த கணக்கை இப்போது கீழிருந்து பார்த்தார்.

சூட்டு போய்க் கதர் வந்தது. கார்னீலியஸ் போய், குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா வந்தது. பம்பாய்த் தொழிலுக்கு முழுக்கு. 1930 உப்பு சத்தியாகிரகத்தில் காந்தி சிறைக்குப் போனபோது யங் இந்தியாவை எழுதி நடத்தினார். அதற்காக அவரும் சிறைக்குப் போனார்.

முதலாளி வீட்டுச் செலவு

பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் படித்த நண்பர்களைக் கேளுங்கள். அதில் வணிகத் தனித்தன்மை என்று ஒன்று வரும். கடை வேறு, முதலாளி வேறு. முதலாளி தன் வீட்டுக்கு டிவி வாங்கினால் அதைக் கடைச் செலவாக எழுதக்கூடாது. எடுப்பு என்று தனியாக எழுத வேண்டும். அவ்வளவு சின்ன விதி!

இந்தச் சின்ன விதியை ஒரு சாம்ராஜ்யத்தின் மீது வைத்துப் பார்க்கும் வாய்ப்பு 1931இல் வந்தது. இந்தியாவின் பெயரில் இருக்கும் பொதுக் கடனில் எது உண்மையிலேயே இந்தியாவுடையது என்று ஆராய காங்கிரஸ் ஒரு குழு போட்டது. பகதூர்ஜி, புலாபாய் தேசாய், கே.டி.ஷா ஆகியோரோடு குமரப்பாவும் அதில் உறுப்பினர்.

பேரேட்டில் என்னென்ன இருந்தது தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குதாரர்களுக்கு 10.5 சதவீத லாப ஈவு. இதை 1833 சட்டத்தின்படி இந்திய வருவாயிலிருந்து கொடுத்தார்கள். கம்பெனி ஆட்சி 1858இல் முடிந்த பிறகும் 1874 வரை அது ஓடியது. 1857 எழுச்சியை அடக்கிய செலவும் இந்தியா தலையில். ஆப்கானிஸ்தானில் நடந்த போர்ச் செலவில் பெரும்பகுதி இங்கே. ரயில்வே போட்ட ஆங்கிலக் கம்பெனிகளுக்கு லாபம் வந்தாலும் வராவிட்டாலும் 5 சதவீத வட்டி உத்தரவாதம். முதல் உலகப்போரின்போது பிரிட்டனுக்கு இந்தியாவின் அன்பளிப்பு என்று 10 கோடி பவுண்ட்! 1867இல் துருக்கி சுல்தான் லண்டனுக்கு வந்தபோது நடத்திய நடன விருந்துச் செலவுகூட இந்திய வருவாயில்தான் எழுதப்பட்டது.

எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. கூட்டல் சரி. எந்த ஆடிட்டர் வந்து கூட்டிப் பார்த்தாலும் இரண்டு பக்கமும் சமமாகத்தான் வரும். தப்பு கூட்டலில் இல்லை. எந்தப் பெயரில் எழுதினார்கள் என்பதில் இருந்தது. முதலாளி வீட்டுச் செலவைக் கடைக் கணக்கில் எழுதி, அதற்கு வட்டியையும் கடையிடமே வாங்கியிருக்கிறார்கள்! இந்தச் சுமைகளை பிரிட்டன்தான் ஏற்க வேண்டும் என்று குழு அறிக்கை கொடுத்தது. ஆட்சியாளர்கள் அதை ஏற்கவில்லை என்பதைச் சொல்லவே வேண்டாம்.

காந்திக்கும் அதே விதி

அடுத்தவன் கணக்கில் தப்பு கண்டுபிடிப்பது ஈசி. நம்ம ஆள் என்று வரும்போதுதான் ஆடிட்டருக்குச் சோதனை.

1934 ஜனவரி 15ஆம் தேதி பீகாரில் பெரிய நிலநடுக்கம். ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரண வேலை. நாடு முழுவதிலிருந்தும் பணம் வந்து குவிந்தது. கணக்குப் பொறுப்பு குமரப்பாவிடம். தொண்டர் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு இவ்வளவு அணாதான் என்று ஒரு வரம்பு வைத்தார். யாராக இருந்தாலும் அதற்கு மேல் கிடையாது.

காந்தியும் அவர் குழுவும் வந்தார்கள். காந்தியின் சாப்பாடு பழமும் பாலும். அந்த வரம்புக்குள் அடங்காது. குமரப்பா நேராக மகாதேவ தேசாயிடம் போய், காந்தி குழுவின் சாப்பாட்டுச் செலவையோ கார் பெட்ரோலையோ நிவாரண நிதியில் எழுத முடியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். விஷயம் காந்தியிடம் போனது. இவர் காரணத்தை விளக்கினார். காந்தி ஏற்றுக்கொண்டார்.

நிவாரணப் பணம் வீடு இழந்தவர்களுடையது. அது தலைவரின் பணம் இல்லை. சுல்தானின் விருந்துக்குச் சொன்ன அதே விதிதான் மகாத்மாவின் பாலுக்கும்.

காகிதமும் கல்லும்

1934 கடைசியில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் ஆரம்பமானது. வார்தாவில் அதை நடத்தும் பொறுப்பு குமரப்பாவுக்கு. செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, தேனீ வளர்ப்பு, கையால் செய்த காகிதம் என்று ஒவ்வொரு தொழிலையும் சோதித்துப் பார்த்துக் கருவிகளை மேம்படுத்தினார்கள். என்ஜினியரிங் மாணவர்களான நாம் படிக்க வேண்டிய பகுதி அது. தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. பிரிட்டன் இங்கே தானியம், துணி என்று போருக்கு வேண்டியதை வாங்கியது. அதற்கு ஈடாக லண்டனில் இந்தியா பெயரில் ஸ்டெர்லிங் வரவு எழுதப்பட்டது. அந்த வரவைக் காட்டி இங்கே ரூபாய் நோட்டு அச்சடித்தார்கள். போர் முடியும்போது லண்டனில் சேர்ந்திருந்த நிலுவை 100 கோடி பவுண்டுக்கும் மேல். ஏட்டில் பார்த்தால் இந்தியா பணக்கார நாடு. வீட்டில் பார்த்தால் அரிசி இல்லை, விலை ஏறிக்கொண்டே போகிறது. ரொட்டி கேட்டவனுக்குக் கல்லைக் கொடுப்பது போல என்ற பைபிள் உவமையைத் தலைப்பாக வைத்து 1942இல் குமரப்பா ஒரு கட்டுரை எழுதினார். அதற்குப் பரிசு சிறை.

சிறையில் சும்மா இருந்தாரா? நிலைத்த பொருளாதாரம் பற்றிய தன் முக்கியமான நூலை அங்கேதான் எழுதினார். 1945இல் காந்தியின் முன்னுரையோடு வெளிவந்தது.

அதில் ஒரு கருத்து இன்றைக்கும் சுடும். நிலக்கரி, பெட்ரோல், இரும்புத் தாது எல்லாம் தேங்கிய இருப்பு. எடுக்க எடுக்கக் குறையும். காடு, பயிர், கால்நடை ஓடுகிற ஊற்று மாதிரி. அளவோடு எடுத்தால் திரும்ப ஊறும். முதலாவதை நம்பி வாழ்கிற நாடுகள் ஒருநாள் அதற்காக அடித்துக்கொள்ளும் என்றார். ஆடிட்டர் மொழியில் சொன்னால், முதலை எடுத்துச் செலவழித்துவிட்டு அதை வருமானம் என்று எழுதாதே என்பதுதான்.

இப்போது தரநிலைகளுக்கு வருவோம். அவர் காலத்தில் இந்தியாவில் கணக்கியல் தரநிலை என்று எதுவும் கிடையாது. தணிக்கையாளர் கழகம் 1949இல்தான் உருவானது. அது தரநிலைக் குழுவை அமைத்தது 1977இல். முதல் தரநிலை 1979இல் வந்தது. எந்தக் கொள்கையின்படி கணக்கு எழுதினாய் என்பதை வெளியே சொல் என்பதுதான் அந்த முதல் தரநிலையின் சாரம். காடும் தண்ணீரும் கனிமமும் எவ்வளவு குறைந்தது என்பதை நாட்டின் கணக்கோடு சேர்த்து எழுதும் முறையை ஐ.நா. சர்வதேசப் புள்ளியியல் தரநிலையாக ஏற்றது 2012இல். குமரப்பா சிறையில் உட்கார்ந்து யோசித்து 65 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து!

கல்லுப்பட்டி

சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். உழுபவனுக்கே நிலம் சேர வேண்டும் என்று 1949இல் அறிக்கை கொடுத்தார். புதிய அரசு போன பாதை வேறு. பெரிய அணை, பெரிய ஆலை என்று நாடு திரும்பியபோது அவர் குரல் ஓரத்துக்குப் போனது. பதவி எதையும் தேடாமல் மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வந்து தங்கினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொத்து சேர்க்கவில்லை.

அவர் குடிசைச் சுவரில் ஓர் ஏழை விவசாயியின் படம் இருந்தது. அது யார் என்று கேட்டவர்களுக்கு, என் எஜமானரின் எஜமானர் என்ற பொருளில் விளக்கம் சொல்வாராம். தனக்கு எஜமானர் காந்தி, காந்திக்கு எஜமானர் இந்த விவசாயி. ஒரு ஆடிட்டர் தன் அறிக்கையை யாருக்கு எழுதுகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

1960 ஜனவரி 30ஆம் தேதி காலமானார். காந்தி மறைந்த அதே தேதி.

எலெக்டிவ் எடுத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வுக் குறிப்பில் தரநிலை எண்ணை எழுதுங்கள், விதியை எழுதுங்கள், கம்பெனியின் ஆண்டறிக்கையை வைத்துச் சரிபாருங்கள். எல்லாம் முடித்த பிறகு இன்னும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். இந்தச் செலவு யார் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது, உண்மையில் கொடுத்தது யார்? ஆற்றில் விட்ட சாயக் கழிவுக்கும், வற்றிப்போன கிணற்றுக்கும் அந்த ஆண்டறிக்கையில் எந்தப் பக்கத்தில் இடம் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அந்த அரைப் பக்கத்துக்கு மார்க் வருமா என்பது சாரைப் பொறுத்தது. ஆனால் ரிப்போர்ட்டில் நீங்களே எழுதிய பகுதி அதுவாகத்தான் இருக்கும்.