குளிரில் ஒரு சைக்கிள் பயணம்



எரிக் லிடெல் என்று சொன்னாலே, ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன்னு நின்ன வாலிபன்தான் நம்ம ஞாபகத்துக்கு வருவார். 1924-ம் வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தை விட்டுவிட்டு, 400 மீட்டரில் ஓடி 47.6 விநாடியில் தங்கப் பதக்கம் வாங்கினார். ஆனா அதே மனுஷன் 15 வருஷம் கழிச்சு, ஒரு முன்பின் தெரியாதவனுக்காக சைக்கிளில் போன கதை எத்தனை பேருக்குத் தெரியும்?

எரிக் 1902-ல் சீன தேசத்தில் தியான்ஜின் பட்டணத்தில், ஸ்காட்லாந்து மிஷனரிகளுக்குப் பிள்ளையாகப் பிறந்தார். 1925-ல், பேரும் புகழும் கையில் இருக்கும்போதே, சீனாவுக்கு மிஷனரியாகத் திரும்பினார். பல வருஷம் கல்லூரியில் வாத்தியார் வேலை. 1937-ல் ஜப்பான் யுத்தம் மூண்டது. மனைவி பிளாரன்ஸையும் சின்னப் பிள்ளைகளையும் பட்டணத்தில் விட்டுவிட்டு, சியாவ்சாங் என்ற கிராமப்புறத்துக்கு ஊழியத்துக்குப் போனார். அங்கே மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. எரிக் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் சபைகளைத் திடப்படுத்துவார். வழியில் ராணுவத்தார் நிறுத்திச் சோதிப்பார்கள்.

1939 பிப்ரவரி. வடசீனத்தில் எலும்பைத் துளைக்கிற குளிர். தூரத்து கிராமத்தில் ஒரு பாழடைந்த கோவிலில், காயப்பட்ட ஒருவன் நாட்கணக்கில் தரையில் கிடக்கிறான் என்று செய்தி வந்தது. ஜப்பானியருக்குப் பயந்து ஒருத்தரும் அவனை வீட்டில் சேர்க்கவில்லை. வண்டிக்காரர் ஒருவரைக் கேட்டபோது, எரிக் கூட வந்தால் வருகிறேன் என்றார். கோவேறு கழுதை பூட்டின வண்டியில் அவரும், சைக்கிளில் எரிக்கும் புறப்பட்டார்கள்.

அன்று ராத்திரி வழியில் ஒரு கிராமத்தில் தங்கல். எரிக் பழைய ஆட்டுத்தோல் கோட்டைப் போர்த்திக்கொண்டு படுத்தார். மனசுக்குள் ஒரு பயம். நாளைக்கு ஜப்பானியர் பிடித்தால் என்ன சொல்வது? வேதத்தைத் திறந்தார். லூக்கா 16-ல், கொஞ்சத்தில் உண்மையுள்ளவனைக் குறித்த வார்த்தை கண்ணில் பட்டது. உண்மையாய் இரு, நேராய் நட என்று கர்த்தர் தன்னோடு பேசினதாக உணர்ந்தார். பயம் போச்சு.

மறுநாள் காயப்பட்டவனை வண்டியில் ஏற்றினார்கள். வழியில் இன்னொருவன் இருப்பதாகத் தெரிந்தது. ஆறு பேரைக் கொல்லக் கொண்டுபோனபோது, ஐந்து பேர் முழங்காலிட்டு வெட்டுண்டார்கள். இவன் முழங்காலிட மறுத்தான். பட்டயம் கழுத்திலிருந்து வாய்வரைக்கும் கிழித்தும் உயிர் போகவில்லை. வண்டியில் படுக்க ஒருவனுக்குத்தான் இடம். ஆகவே இவனை முன்பக்கம் உட்கார வைத்து ஏறக்குறைய 18 மைல் வந்தார்கள். தலைக்கு மேலே ஜப்பானிய விமானம் வட்டமிட்டது. பக்கத்திலேயே படை நகர்ந்தது. சைக்கிளை ஒரு மிதி மிதிச்சா எரிக் தப்பிச்சிருக்கலாம். ஆனா உலகமே அறிந்த அந்த ஓட்டக்காரர், வண்டிக்காரரை விட்டு ஓடல.

முதலாமவன் இரண்டு நாளில் மரித்துப்போனான். இரண்டாமவன் பிழைத்தான். அவன் ஓவியக்காரன். பிறகு ஒரு பூவை வரைந்து எரிக்கிடம் கொடுத்தான்.

1941-ல் மனைவி பிள்ளைகளை கனடாவுக்கு அனுப்பிவிட்டு எரிக் சீனாவிலேயே தங்கினார். அங்கே பிறந்த மூன்றாவது மகளை அவர் கண்ணால் பார்க்கவேயில்லை. 1943-ல் வெய்சின் சிறைமுகாமில் அடைக்கப்பட்டு, 1945 பிப்ரவரி 21-ல், மூளைக்கட்டியால், 43-ம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஆறு மாதத்துக்குள் முகாம் விடுதலையானது.

பிரியமானவர்களே, மேடையில் ஓடச் சொன்னா நாம ஓடிடுவோம். பயத்தோடு இருக்கிற ஒரு வண்டிக்காரர், நீங்க கூட வந்தா வரேன்னு சொல்லும்போது, சைக்கிளை எடுக்கிறோமா? இந்த வாரம் உங்க வாசலில் யார் அப்படி நிக்கிறாங்க? ஜெபத்தோடே யோசித்துப் பாருங்க. ஆமென்.